தூண்டில் வளைவே படகு

மாசி, பங்குனியில் ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரைமீன்பிடிப்பு

அலை அரிக்கும் கரையைக் காக்கக் கடலுக்குள் நீட்டிப் போடும் கல்வரிசைக்கு அரசு அறிவிப்புகளில் ‘தூண்டில் வளைவு’ என்று பெயர். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று விரைவுச்சாலையை ஒட்டிய கரையில் இவை ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. வண்டியில் தூண்டிலோடு கிளம்பி, படகு கொண்டுவர வழியில்லாமல் வருகிறவருக்கு அந்தப் பெயரே முகவரி. இந்த அத்தியாயத்தில் சொல்ல வருவது ஒன்றுதான்: மாசியிலும் பங்குனியிலும் இந்தக் கரையில் படகில்லாதது பெரிய குறையில்லை. தூண்டில்காரருக்குப் படகு இரண்டு வேலை செய்து கொடுக்கிறது. ஆழத்துக்குக் கூட்டிப்போகிறது, மீன் இருக்கும் பக்கம் நகர்த்துகிறது. வடசென்னையில் முதல் வேலையைக் கல் செய்துவிடுகிறது. இரண்டாவதைக் கடலின் ஏற்றவற்றமான ஓதம் செய்கிறது: நாம் மீனைத் தேடிப் போகாமல், மீன் வரும் நேரத்தில் நாம் அங்கே நிற்க வேண்டும். அந்த நேரத்தைக் கணக்கிடத் தினசரி நாட்காட்டி ஒன்று போதும்.

இந்தக் கற்கள் இங்கே வந்த கதை தெரிந்தால்தான் மீன் எங்கே நிற்கும் என்பதும் புரியும். சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலை தெற்கிலிருந்து வடக்காக மணலைத் தள்ளிக்கொண்டு போகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அது திசை மாறினாலும், ஆண்டுக் கணக்கு பார்த்தால் வடக்கு நோக்கிப் போவதே அதிகம். 1875-76இல் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழத் தொடங்கியதும் அந்த மணல் ஓட்டம் தடைப்பட்டது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே போக வேண்டிய மணல் வராமல் ராயபுரத்திலிருந்து கரை கரைந்தது. குப்பங்களின் மணல்வெளியும் வீடுகளும் கடலுக்குள் போயின. சாலையைக் காப்பாற்ற முதலில் கருங்கல்லைக் கொட்டினார்கள். பிறகு கடலுக்குள் குறுக்கே தூண்டில் வளைவுகளைக் கட்டினார்கள். தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் கிடப்பது பெரும்பாலும் ஒரே சரிவான மணல். அங்கே மீன் நிற்க மூலையில்லை, ஒதுங்க நிழலில்லை. வடக்கே மணல் போன இடத்தில் கல் வந்தது. கல்லில் சிப்பியும் பாசியும் ஒட்டின. அவற்றைத் தின்ன நண்டும் சிறுமீனும் சேர்ந்தன. அவற்றைத் தேடிப் பெரிய மீன் வருகிறது. ஒரு ஊர் இழந்த மணலின் மேல்தான் நாம் தூண்டிலோடு நிற்கிறோம் என்பதை மறக்க வேண்டாம். அதற்கான மரியாதையைப் பற்றிப் பின்னால் வருகிறது.

ஒரு தூண்டில் வளைவை எப்படிப் படிப்பது? கரையில் நின்று முதலில் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மணல் தெற்கிலிருந்து வருவதால் தெற்குப் பக்கத்தில் அது தேங்கித் திட்டாக இருக்கும். அலை தூரத்திலேயே உடைந்து, வெண்ணுரையாகப் பரவி வரும். வடக்குப் பக்கத்தில் மணல் அரிக்கப்பட்டுப் பள்ளம் விழுந்திருக்கும். அலை கல்லுக்கு மிக அருகில் வந்துதான் எழும், தண்ணீரின் நிறமும் ஒரு படி கருத்திருக்கும். தெற்குத் திட்டு கிழங்கானுக்கும் சின்னப் பன்னாவுக்கும் மேய்ச்சல் தரை. வடக்குப் பள்ளமும் கல்லிடுக்கும் செப்பிலி, களவா, சிறு பாறை போன்றவை பதுங்கும் இடம். இரண்டும் சந்திக்கும் நுனியில் நீர் சுழித்து ஒரு நுரைக்கோடு விழும். மடவைக் கூட்டம் அந்தக் கோட்டின் உள்பக்கமாக வாயைத் திறந்து திறந்து மேயும். கொடுவா வந்தால் அதன் வெளிப்பக்கத்தில் நிற்கும். புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, நுனிவரை நடந்துபோய்க் கைக்கு எட்டிய மட்டும் தூரமாக வீசுவது. மீன் பெரும்பாலும் காலடியிலிருந்து இருபது, முப்பது அடிக்குள் இருக்கிறது. அதைத் தாண்டி எறியும் ஒவ்வொரு வீச்சும் மீனின் தலைக்கு மேலே போகிறது.

மாசி, பங்குனியைத் தேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழையும் புயலும் கடலைக் கலக்கி வைத்திருக்கும். கல்லின் மேல் நிற்பதே ஆபத்து. மார்கழி, தை வரை வாடைக்காற்று விடாது. மாசி பிறந்ததும் வாடை தணிகிறது, தண்ணீர் தெளிகிறது. விடியலில் நிலக்காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் அலை படுத்துக் கிடக்கும். முற்பகல் போனபின் கடற்காற்று ஏறி நீரைக் கலக்கும். ஆகவே இந்தப் பருவத்தில் ஒரு நாளைக்கு நமக்குக் கிடைப்பது விடியலை ஒட்டிய நாலைந்து மணி நேரம். பருவத்துக்கு முடிவுத் தேதியும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017இலிருந்து 61 ஆனது. கரையில் நின்று போடும் தூண்டிலுக்கு அந்தத் தடை பொருந்தாது. ஆனாலும் மீன் இனப்பெருக்கத்துக்கு விட்ட காலம் அது என்பதால் பங்குனியோடு நிறுத்திக்கொள்வதே இந்த நூலின் பரிந்துரை. சித்திரை வெயிலில் கருங்கல்லின் மேல் நிற்பதில் சுகமும் இல்லை.

இனி நாட்காட்டி. சென்னையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான உயரம் ஏறத்தாழ 1 மீட்டர். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் அதில் பாதிகூட இராது. கேரளத்தின் வடபகுதியோ குஜராத்தோ காணும் ஓதத்தோடு ஒப்பிட்டால் இது சின்னதுதான். ஆனால் முழங்கால் ஆழமுள்ள மணல்திட்டு இடுப்பளவு ஆவதற்கு அந்த 1 மீட்டர் போதும். கிழங்கான் மேய வருவதும் அப்போதுதான். அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் இங்கே முழு ஏற்றம் ஏறத்தாழ காலை எட்டரை மணியை ஒட்டி வரும். அதற்கு ஆறு மணி நேரம் முன்னால், பின்னிரவில், வற்றம். அடுத்தடுத்த நாள் இது சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் விடை வந்துவிடுகிறது: அமாவாசை அல்லது பௌர்ணமி அன்றும், அடுத்த இரண்டு மூன்று நாட்களிலும், விடியல் வெளிச்சமும் ஏறும் நீரும் அமைதியான காற்றும் ஒரே நேரத்தில் அமைகின்றன. அஷ்டமியன்று காலை எட்டரைக்கு வற்றம். அன்று விடியலில் வந்து, நீர் இறங்க இறங்கக் காத்திருந்து, கரையைத் திட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் ‘படகில்லாமல் இங்கே ஒன்றும் கிடைக்காது’ என்பார்கள். துல்லியமான நேரம் வேண்டுமானால் ஓத அட்டவணையைப் பாருங்கள். எந்த வாரம் கிளம்புவது என்பதற்கு நாட்காட்டியின் பிறை போதும். ஒரு விலக்கு மட்டும்: மாசி மகம் பௌர்ணமியை ஒட்டியே வரும். அன்று சுவாமிகள் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வருவார்கள், கரை முழுக்க ஜனம். திருவொற்றியூர்க் கோயிலின் மாசித் திருவிழாவும் அந்த நாட்களில்தான். ஓதம் நன்றாக இருந்தாலும் அன்று முள்ளைச் சுழற்றி வீச அங்கே இடமிருக்காது. மறுநாள் போங்கள்.

கருவியில் பணத்தைக் கொட்ட வேண்டாம். எட்டு முதல் பத்து அடி நீளமுள்ள ராடு ஒன்று, நடுத்தர ரீல் ஒன்று போதும். நீளம் தூரமாக எறிவதற்காக இல்லை. கல்லின் விளிம்புக்கு மேலே நரம்பைத் தூக்கிப் பிடிப்பதற்காக. தெற்குத் திட்டுக்கு 0.25 முதல் 0.30 மி.மீ. தங்கூசியும் சின்ன முள்ளும். வடக்குப் பள்ளத்துக்கு 0.40க்கு மேல். கல்லில் தூண்டில் போடுகிறவரின் நிரந்தரச் செலவு ஈயம். இடுக்கில் குண்டு சிக்கினால் முள், நரம்பு, மீன் எல்லாமே போகும். இதற்கு எளிய வழி உண்டு. முதன்மை நரம்பின் நுனியில் குண்டைக் கட்டாமல், ஒரு சாண் நீளத்துக்கு அதைவிட மெல்லிய நரம்பில் குண்டைத் தனியாகக் கட்டித் தொங்கவிடுங்கள். முள்ளை அதற்கு ஒரு முழம் மேலே கிளையாகக் கட்டுங்கள். குண்டு சிக்கும்போது இழுத்தால் மெல்லிய நரம்பு மட்டும் அறும், மீனும் முள்ளும் கைக்கு வரும். குண்டு ஈயமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மெக்கானிக் கடையில் தூக்கிப்போடும் பழைய ஸ்பார்க் பிளக்கோ துருப்பிடித்த போல்ட்டோ அந்த வேலையைச் செய்யும். இரைக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் அதிகாலை ஏலம் முடியும் நேரத்தில் சின்ன இறால் கிடைக்கும். இல்லையென்றால் அலை பின்வாங்கும் ஈரமணலைப் பாருங்கள். பின்பக்கமாகவே புதைந்து, மணலில் ஒரு சின்ன வி வடிவக் கோட்டை விட்டுப்போகும் எலிப்பூச்சி அங்கே இருக்கும். அந்த அலையில் புரண்டு வருவதைத் தின்றுதான் கிழங்கான் பழகியிருக்கிறது. கிழங்கான் கடிப்பது ராடின் நுனியில் இரண்டு சின்னத் தட்டலாகத் தெரியும். முதல் தட்டலில் இழுத்தால் இரை மட்டும் போகும். இரண்டாவது தட்டலுக்குப் பின் நரம்பு மெல்ல இறுகும்போது மணிக்கட்டை மட்டும் உயர்த்துங்கள்.

இங்கே முதல் ஆட்சேபம் எழும். இதெல்லாம் சரி, ஆனால் கரையில் கிடைப்பது பொடிமீன்தானே, வஞ்சிரமும் சூரையும் வெளிக்கடலில்தானே? வஞ்சிரம் கரைக்கு வராது என்பது ஏறத்தாழ உண்மை. அதை வேண்டுகிறவருக்கு இந்த அத்தியாயம் உதவாது. ஆனால் கரைக்கடல் ஏழைக்கடல் என்ற எண்ணம் தவறு. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் விசைப்படகுகளைக் கரையை ஒட்டிய பகுதிக்குள் வரவிடாமல் விலக்கி வைக்கிறது. இப்போது அந்த எல்லை 5 கடல் மைல். கரையோரம் ஒன்றுமில்லாத இடமாக இருந்தால் அதை யாருக்காகவும் ஒதுக்க வேண்டியிருக்காது. நாட்டுப்படகுக்காரர்களின் பிழைப்பும், பல மீன்களின் குஞ்சுப்பருவமும் அந்த நீர்ப்பட்டையில்தான். தூண்டில்காரர் நிற்பது அதன் உள்விளிம்பில். எண்ணிக்கையில் படகு ஜெயிக்கும். காலை நாலு மணி நேரத்தில் ஒரு குடும்பத்துக் குழம்புக்கு வேண்டியது வேண்டுமானால் கல் போதும். குஞ்சுமீன்களைத் திருப்பி விடவேண்டும் என்பதற்கும் காரணம் அதேதான்: உள்ளங்கை நீளம்கூட இல்லாத கொடுவாவோ பாறையோ பிடித்தால் அடுத்த ஆண்டின் மீனை இன்றே பிடித்ததாக ஆகிறது.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கனமானது: இந்தத் தண்ணீரில் பிடித்ததைச் சாப்பிடலாமா? இதற்கு ஒரே பதில் சொன்னால் பொய்யாகும். கடலையும் கழிமுகத்தையும் பிரித்துத்தான் பதில் சொல்ல முடியும். கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகம் ஒரு காலத்தில் இறாலுக்கும் நண்டுக்கும் மடவைக்கும் பேர்போனது. அனல்மின் நிலையச் சாம்பலும் சூடான நீரும், மணலித் தொழிற்சாலைகளின் கழிவும் பல பத்தாண்டுகளாக அதில் கலந்துவருகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் கழிமுகம் முழுவதும் பரவியது. கடலும் தப்பவில்லை: 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கொட்டிய எண்ணெய் எண்ணூரிலிருந்து தெற்கே கரைக் கற்களில் தார்போல் ஒட்டியது, வாளியால் அள்ளித்தான் அகற்றினார்கள். மாசியில் மழையில்லாததால் கழிமுகத்துக்குள் கடல்நீர் அதிகம் ஏறுகிறது; தண்ணீர் தெளிவாகத் தெரியும். அதை நம்பி ஏமாறக் கூடாது. ஆற்றுநீர் குறைந்தால் கழிவை நீர்க்கச் செய்யவும் ஆளில்லை. ஆகவே விதி இதுதான்: கழிமுகத்துக்குள்ளும் முகத்துவாரத்தை ஒட்டியும் பிடிப்பதை உண்ண வேண்டாம், அங்கே சேற்றில் கிடக்கும் மட்டி, நண்டு, அடியில் மேயும் கெளுத்தி ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். உலோகக் கசடு கழுவினாலும் கொதிக்கவைத்தாலும் போகாது. கடல்பக்கத்துத் தூண்டில் வளைவுகளில், முகத்துவாரத்திலிருந்து தள்ளி, ஓரிடத்தில் தங்காமல் திரியும் மீன்களை எப்போதாவது ஒரு வேளை சமைக்கலாம். செவுள், குடல், ஈரலை எடுத்து எறிந்துவிட்டு. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அதையும் கொடுக்காமல் இருப்பது நல்லது. எண்ணெய் வாசனையோ மினுக்கமோ தெரிந்த நாளில் தூண்டிலையே எடுக்க வேண்டாம். இவ்வளவு எச்சரிக்கைக்குப் பின் எதற்கு இங்கே என்று கேட்டால், மீன்பிடிப்பு என்பது சட்டிக்காக மட்டும் அல்ல என்பது பாதிப் பதில். மீதிப் பாதி: தண்ணீரைத் தினமும் பார்க்கிறவர்கள் இருக்கும் கரையில்தான் கழிவு வரும்போது குரல் எழும்.

மூன்றாவது ஆட்சேபம் குப்பத்திலிருந்து வரும். அதற்குக் காது கொடுக்க வேண்டும். பொழுதுபோக்குக்காக வருகிறவர், பிழைப்புக்காக இருக்கிறவரின் இடத்தில் நிற்கிறார். தூண்டில் வளைவுகளுக்கு நடுவில் இருக்கும் ஒதுக்கமான நீர்தான் பல குப்பங்களுக்குப் படகு இறக்கும் துறை. ஃபைபர் படகு உள்ளே வரும் வழிக்குக் குறுக்கே நரம்பைப் போட்டால் அது புரொப்பல்லரில் சுற்றும். வலை இழுக்கும் நேரத்தில் பக்கத்தில் முள்ளை வீசினால் வலை கிழியும். போனதும் முதலில் கண்ணில் படும் பெரியவரிடம், “அண்ணா, இங்க தூண்டில் போடலாமா, படகு எந்தப் பக்கம் வரும்?” என்று கேட்டுவிடுங்கள். அனுமதியோடு சேர்ந்து அன்றைய நீர் எப்படி என்ற தகவலும் கிடைக்கும். எந்தப் புத்தகத்தையும்விட அது நம்பகமானது. இரையைக் குப்பத்திலேயே வாங்குங்கள். பிடித்த மீனை விற்காதீர்கள். சென்னைத் துறைமுகம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி ஆகியவற்றின் அலைதடுப்புச் சுவர்கள் பாதுகாப்புக்குட்பட்டவை. அங்கே மீன் அதிகம் என்று யார் ஆசைகாட்டினாலும் உள்ளே காலெடுத்து வைக்க வேண்டாம்.

இனி வண்டி. கேரவன் என்றால் நம்மூரில் படப்பிடிப்புத் தளம்தான் நினைவுக்கு வரும். நடைமுறையில் வருவது, பின் இருக்கையை எடுத்துவிட்டு மெத்தை போட்ட வேனோ ஆம்னியோதான். அதை எண்ணூர் விரைவுச்சாலை ஓரத்தில் நிறுத்தி இரவில் தூங்கலாம் என்று நினைக்க வேண்டாம். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் டிரெய்லர்கள் இரவு பகலாக ஓடும் சாலை அது. மணலில் இறக்கி முகாம் போடுவதும் சரியில்லை. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிடச் சென்னைக் கரைக்கு வரும் காலம். முகாம் விளக்கின் வெளிச்சம் அவற்றைத் திருப்பி அனுப்பிவிடும். 2025 ஜனவரியில் இந்தக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பார்த்த பிறகாவது இந்தக் கவனம் வேண்டும். வடசென்னைக்கு விடியலில் வந்து முற்பகலில் கிளம்புவதே முறை. வண்டியே இல்லாமலும் வரலாம்: கும்மிடிப்பூண்டி மார்க்கப் புறநகர் ரயிலில் திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் நிலையங்கள் உண்டு, 2021 பிப்ரவரியிலிருந்து மெட்ரோவும் விம்கோ நகர் வரை ஓடுகிறது. இரவு வண்டியில் தங்கித்தான் ஆகவேண்டும் என்றால் சென்னையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தள்ளிப் பழவேற்காடு இருக்கிறது. அங்கும் பறவைகள் சரணாலய எல்லைக்குள் தங்காமல், ஊருக்குள் ஒரு வீட்டாரிடம் கேட்டு அவர்கள் வாசலில் நிறுத்துங்கள். படகுச் சவாரிக்கு யாராவது கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள்: 2011 டிசம்பர் 25 அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தபின் சுற்றுலாப் படகுகள் தடைசெய்யப்பட்டன. பழவேற்காட்டிலும் நாம் கரைக்காரர்கள்தான்.

கடைசியாக உயிர். தூண்டில் வளைவின் கற்கள் பாதுகாப்பு வேலியில்லாத மாடிப்படி போன்றவை. பாசி படர்ந்த கல்லில் செருப்பு வழுக்கும், இடுக்கில் கால் போனால் கணுக்கால் முறியும். பிடிப்புள்ள காலணி, உயிர்காப்பு உடை, கூட ஒரு ஆள்: மூன்றில் ஒன்று இல்லையென்றால் கரையிலிருந்தே வீசுங்கள். கல்லில் ஏறும் முன் பத்து நிமிடம் நின்று அலையைப் பாருங்கள். பத்துப் பதினைந்து சாதாரண அலைக்குப் பின் இரண்டு மூன்று பெரிய அலை வரும். அவை கல்லில் எந்த உயரம் வரை நனைக்கின்றனவோ அதற்கு மேலேதான் நிற்க வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் பெரிய அலை எச்சரிக்கை விடுத்த நாளில் வீட்டிலேயே இருங்கள். கெளுத்தி முள் குத்தினால் தாங்கும் சூட்டில் வெந்நீரில் கையை வையுங்கள், பிறகு மருத்துவமனைக்குப் போங்கள். வயிற்றை உப்பிக்கொள்ளும் பேத்தையை எக்காரணம் கொண்டும் சமைக்காதீர்கள். அதன் விஷத்துக்கு மாற்று மருந்து இல்லை.

கிளம்பும்போது ஒரு வேலை மிச்சம் இருக்கும். கல்லிடுக்கில் அறுந்து தொங்கும் நரம்பை, உங்களுடையதானாலும் பிறருடையதானாலும், சுற்றி எடுத்துப் பையில் போடுங்கள். தங்கூசி மட்காது. நண்டின் காலிலும் ஆமையின் துடுப்பிலும் அது ஆண்டுக்கணக்கில் சுற்றும். நாளை அந்தக் கல்லில் வெறுங்காலோடு இறங்கும் குப்பத்துப் பிள்ளையின் விரலையும் அறுக்கும். மணல் போன கரைக்கு மணலைத் திருப்பித் தர நம்மால் ஆகாது. நரம்பை எடுத்துப்போக ஆகும்.